முதல் நாளே பர்ன்ட் ஐலண்ட் ஏரிவரை போய்விடலாமா? (அல்கொன்குவின், தனியாகக் கனூ)

2 மார்ச் 2023: கேள்வி

வணக்கம். மே மாதம் விக்டோரியா டே விடுமுறையோடு சேர்த்து நான்கு நாட்கள் ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவில் தனியாகக் கனூவில் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சின்னப் படகு) போக இருக்கிறேன். நண்பர்களோடு இரண்டு தடவை போயிருக்கிறேன், தனியாக இதுதான் முதல். கனூ லேக்கில் இறங்கி முதல் நாளே பர்ன்ட் ஐலண்ட் ஏரிவரை போய்விட்டால் மிச்ச நாட்கள் சுகம் என்பது என் கணக்கு. வரைபடத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில்தான் காட்டுகிறது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே தூரத்தை முடிப்பதுதானே புத்தி? தனியாகப் போன அண்ணாமார், அக்காமார் இருந்தால் சொல்லுங்கோ.

2 மார்ச் 2023, இரவு

தம்பி, வேண்டாம். முதல் நாள் ஜோ ஏரியில் நில்லுங்கள். தெம்பு மிச்சமிருந்தால் டீப்பி ஏரி. அதற்கு மேல் போகவேண்டாம்.

இதே ஏரி, இதே கணக்கு, 2019 செப்டெம்பர் மூன்றாம் வாரம் நானும் போட்டேன். பர்ன்ட் ஐலண்டுக்கு அனுமதி எடுத்துவிட்டு ஜோ ஏரியில் பின்னேரம் நாலு மணிபோலக் கூடாரம் அடித்தேன். ஏன் அப்படி ஆனது என்று நாளைக்கு எழுதுகிறேன். இப்போது வேலை முடிந்து வந்து களைப்பு.

3 மார்ச் 2023

சரி, விரிவாக.

காலை ஐந்து மணிக்கு ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட வேண்டியது. வெளிக்கிட்டது ஏழரை. ஹன்ட்ஸ்வில் தாண்டி 60ஆம் நெடுஞ்சாலையில் பூங்காவுக்குள் நுழையும்போது பதினொன்று. அனுமதிச் சீட்டு, வாடகைக் கனூ, சாமான்களை இறக்கி ஒழுங்குபடுத்துவது, காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவது எல்லாம் முடிந்து துடுப்பைத் தண்ணீரில் வைக்க 12.40. யாரும் தவறு செய்யவில்லை, நேரம் அப்படித்தான் போகும். உங்கள் கணக்கில் இந்த ஐந்து மணித்தியாலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வரைபடத்தின் கோடு தண்ணீரில் தொடங்குகிறது, உங்களுடைய முதல் நாள் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

கனூ பதினாறு அடி, கெவ்லர் என்ற பாரமில்லாத இழையால் செய்தது, இரண்டு பேருக்கானது. நண்பர்களோடு போகும்போது நான் எப்போதும் பின்னால் இருந்து திசை பிடிப்பவள். அதனால் யோசிக்காமல் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பொதி என் காலடியில். முன்னால் ஒன்றுமில்லை. கரையோரம் காற்று மறைவாக இருந்ததால் நூறு மீட்டர் நன்றாகவே போனது. பிறகு திறந்த தண்ணீர், வடக்கிலிருந்து எதிர்க்காற்று. கனூவின் மூக்கு தண்ணீரைவிட்டு மேலே எழும்பி நின்றதால் காற்று அதைப் பிடித்து ஒரே தள்ளில் என்னைக் குறுக்கே திருப்பிவிட்டது. வலப்பக்கம் வலித்துத் திருப்பினால் மறுபடி தள்ளும். அரை மணித்தியாலம் இப்படி ஒரே இடத்தில் நின்று அல்லாடினேன். தோள் அப்போதே முடிந்துவிட்டது.

தனியாகப் போகும்போது முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். அதாவது கனூவையே திருப்பி ஓட்டுவது. அந்த இருக்கை நடுவுக்குக் கிட்ட இருப்பதால் பாரம் நடுவுக்கு வரும். பொதியை உங்களுக்கு முன்னால் எட்டத் தள்ளி வைத்தால் மூக்கு படிந்து நிற்கும். ஒரு சின்னத் தீவின் மறைவில் ஒதுங்கி, சாமானை எல்லாம் மாற்றி, திரும்பி உட்கார்ந்த பிறகுதான் கனூ என் சொல் கேட்டது. ஜோ ஏரிப் போர்ட்டேஜ்வரை, அதாவது கனூவைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்கும் பாதைவரை, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். அதற்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தேன்.

3 மார்ச் 2023, சற்றுப் பின்

ஒன்று விட்டுவிட்டேன். கனூ லேக்கைக் காடு என்று நினைக்கவேண்டாம். கோடைக் குடில்கள், பிள்ளைகளின் முகாம்கள், மோட்டார் படகுகள் எல்லாம் உண்டு. 1917 ஜூலையில் ஓவியர் டாம் தாம்சன் இறந்தது இந்த ஏரியில்தான். ஜூலை 8ஆம் திகதி கனூவில் தனியாகப் போனவரின் உடல் எட்டு நாட்கள் கழித்து மிதந்தது. வயது 39. இந்தத் தண்ணீரை நன்றாகத் தெரிந்த மனிதர். எப்படி இறந்தார் என்று இன்னும் விவாதிக்கிறார்கள். 1930இல் கரையில் ஒரு மேட்டில் கற்களை அடுக்கி நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறார்கள். போகிற வழியில் கனூவைக் கட்டிவிட்டு ஏறிப் பார்க்கலாம். முதல் நாளைக் குறுக்கினால் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்து போனேன். இன்றைக்கும் அது மனக்குறை.

4 மார்ச் 2023

மூக்கில் பாரம் வைப்பது எல்லாக் காற்றுக்கும் பொருந்தாது என்று ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. மூக்கில் பாரம் வைப்பது எதிர்க்காற்றுக்கு. பின்காற்று அடித்தால் பாரம் கொஞ்சம் பின்னால் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கம் சறுக்கிக் கனூ அலைக்குக் குறுக்கே திரும்பப் பார்க்கும். நான் எழுதியதைப் பொது விதியாக எடுக்கவேண்டாம். ஏரியில் இறங்கமுன் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள், பிறகு பொதியை நகர்த்துங்கள்.

ஜே ஸ்ட்ரோக் பற்றிக் கேட்டவருக்கு: வலித்து முடியும் இடத்தில் மேல் கையின் பெருவிரல் கீழே பார்க்கும்படி துடுப்பைத் திருப்பி, மெல்ல வெளியே தள்ளுவது. அதனால் பக்கம் மாற்றாமலே நேராகப் போகலாம். வீட்டிலிருந்து யூடியூப் பார்த்து வராது. ஏப்ரல், மே மாதத்தில் பக்கத்துக் குளம் ஏதாவது ஒன்றில் இரண்டு பின்னேரம் பழகுங்கள். லைஃப் ஜாக்கெட்டோடு.

6 மார்ச் 2023

போர்ட்டேஜ்.

கனூ லேக்கிலிருந்து ஜோ ஏரிக்கு 295 மீட்டர். மஞ்சள் பலகை போட்டிருக்கும். அகலமான பாதை, குடும்பங்களும் பிள்ளைகளும் நடக்கிற பாதை. நண்பர்களோடு போனபோது பேசிச் சிரித்தபடி கடந்ததால் அது நினைவிலேயே இல்லை. தனியாக வந்தால் முதலில் பொதி, வெறுங்கையோடு திரும்பி நடை, பிறகு கனூ. 295 என்பது 885 ஆகிவிடும். தூரம் பெரிதில்லை. ஆனால் கனூவைத் தனியாகத் தூக்கித் தலைக்கு மேல் கவிழ்ப்பது முதல் தடவை ஒரு சோதனைதான். இருபது கிலோ அளவில் இருக்கும். தொடையில் ஏற்றி, எதிர் விளிம்பைப் பிடித்து, ஒரே வீச்சில் சுழற்றித் தோளில் வைக்கவேண்டும். நடுவில் குறுக்கே தோளுக்கு வளைத்துச் செதுக்கிய கட்டை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு மாட்டு நுகத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தோளில் ஏற்றிய பிறகு எங்கள் அப்பு வண்டி பூட்டுவது நினைவுக்கு வந்தது. நுகம் என்றால் என்ன என்று என் கழுத்துக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

எதிரே வந்த வயதான தம்பதி உதவட்டுமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது பிழை. முதல் நாள், தோள் களைத்த பிறகு, கேட்பவர்களிடம் ஓம் என்று சொல்லவேண்டும். தனியாக வந்தேன் என்பதற்காக எல்லாவற்றையும் தனியாகவே செய்யவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

9 மார்ச் 2023

ஒரு பெரிய திருத்தம். முதல் குறிப்பில் நாலு மணிக்குக் கூடாரம் அடித்தேன் என்று எழுதினேன். நேற்றுப் பழைய கைப்பேசிப் படங்களைத் தேடி எடுத்தேன். கூடாரம் அடித்த இடத்தில் எடுத்த முதல் படத்தின் நேரம் 6.52. அந்த நாட்களில் ஏழே கால் போலச் சூரியன் மறையும்.

பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நாலு மணி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். போர்ட்டேஜ் முடிந்து ஜோ ஏரியில் கனூவை இறக்கியதுதான் நாலு மணி அளவில் இருக்கவேண்டும். அப்போதே நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. ஏரியின் கிழக்குக் கை (கிழக்கே நீளும் கிளை) வழியாக லிட்டில் ஜோ ஏரிப் பக்கம் போய், அதற்கப்பால் இருக்கும் போர்ட்டேஜ்களையும் முடித்துவிடலாம் என்று இரண்டு மணித்தியாலம் வலித்திருக்கிறேன். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும் தண்ணீர் திடீரென்று கறுத்தது. அப்போதுதான் திரும்பி, காலியாக இருந்த முதல் இடத்தில் ஒதுங்கினேன். இதையெல்லாம் என் நினைவு மடித்து நாலு மணி ஆக்கிவைத்திருக்கிறது. தம்பி, இந்த இழையில் நான் சொன்னதில் முக்கியமானது இதுதான் என்று இப்போது படுகிறது.

10 மார்ச் 2023

அந்த இடம் எனக்கு உரியதல்ல என்பதையும் எழுதவேண்டும். அங்கே முன்பதிவு ஏரிக்குத்தான், குறிப்பிட்ட கூடார இடத்துக்கு அல்ல. ஏரியில் செம்மஞ்சள் பலகை உள்ள எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதில் தங்கலாம். ஜோ ஏரிக்குப் பதிந்த யாராவது எனக்குப் பின்னால் வந்து இடமில்லாமல் தேடியிருந்தால் அது என்னால். இருட்டு, காற்று என்று ஆபத்து வந்தால் நிற்கத்தான் வேண்டும், உயிர்தான் முதல். ஆனால் அந்த நிலைக்குப் போனது என் கணக்குப் பிழையால். அதனால்தான் ஜோவுக்கோ டீப்பிக்கோ பதியுங்கள் என்கிறேன். ஜோவிலிருந்து டீப்பிக்குப் போர்ட்டேஜும் இல்லை.

12 மார்ச் 2023

சாப்பாடு கேட்டிருக்கிறீர்கள்.

உள்ளே டின்னும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகத் தடை. எங்கள் ஆட்களின் காட்டுச் சாப்பாடான டின்மீன் அங்கே செல்லாது. நான் கொண்டுபோனது மாசிச் சம்பல், வறுத்த ரவை, பருப்பு, காய்ந்த பழங்கள், தேயிலை, சீனி. தேங்காய்ப்பூச் சம்பல் பழுதாகிவிடும், மாசி தாங்கும். ஏரித் தண்ணீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்கவேண்டும்.

வாசனை உள்ள எல்லாவற்றையும், பற்பசைகூட, ஒரே பையில் போட்டு மரத்தில் தொங்கவிடுங்கள். நிலத்திலிருந்து நாலு மீட்டர், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் விலக்கி. கருங்கரடி உள்ள காடு. இதை வெளிச்சத்தில் செய்யவேண்டும். நான் நெற்றி விளக்கோடு கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்து, அது கிளையில் சிக்கி, இழுத்து, மறுபடி எறிந்து என்று முக்கால் மணித்தியாலம் நின்றேன். மாசிச் சம்பலின் வாசனை அந்தக் காடு முழுவதும் போனது மாதிரி இருந்தது.

12 மார்ச் 2023, இரவு

கருவாடு கொண்டுபோகலாமா என்று கேட்ட அண்ணாவுக்கு: வேண்டாம் அண்ணா. தனியாக என்றால் நிச்சயமாக வேண்டாம்!

15 மார்ச் 2023

கனூவுக்குத் தமிழில் என்ன என்று பேச்சுப் போகிறது, நானும் கலந்துகொள்கிறேன். தோணி, வள்ளம், ஓடம் எல்லாம் நெருங்கி வரும், ஒன்றும் பொருந்தாது. மரத்தைக் குடைந்த வள்ளத்தை யாரும் தோளில் வைத்து அடுத்த ஏரிக்கு நடக்கமாட்டார்கள். இங்குள்ள பூர்வகுடிகளான அனிசினாபே மக்கள் மரப்பட்டையில் கட்டியது நடப்பதற்காகவும்தான். பூர்ச்ச மரத்தின் பட்டை, சீடார் மரச் சட்டம், வேரால் தையல். கிழிந்தால் காட்டிலேயே ஒட்டுப் போட்டுவிடலாம். கனூ என்ற சொல் கரீபியன் தீவு மக்களுடையது, ஸ்பானியர் வழியாக வந்தது. கற்றமரான் எங்கள் கட்டுமரத்திலிருந்து போனது. கொடுத்ததும் எடுத்ததும் சரி, கனூ கனூவாகவே இருக்கட்டும். ஆனால் முன்பகுதிக்கு அணியம் என்ற நல்ல சொல் இருக்கிறது. மேலே மூக்கு என்று எழுதிய இடமெல்லாம் அணியம் என்று வாசியுங்கள்.

19 மார்ச் 2023

முதல் இரவு பயமாக இருந்ததா என்று தம்பி தனிமடலில் கேட்டார். இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

இருந்தது. இரவு ஒன்பது மணிபோல ஏரியின் மறுகரையில் நீண்ட ஓலம் ஒன்று எழும்பியது. ஓநாய் என்று நினைத்தேன். லூன் பறவை. இங்கே ஒரு டொலர் நாணயத்தில் இருக்கிறதே, அதுதான். துணையைக் கூப்பிடுகிற குரல். தெரிந்த பிறகு அதைப்போல ஆறுதலான சத்தம் வேறில்லை, தெரியாமல் கேட்டால் வயிறு சுருங்கும். பிறகு பத்தடி தூரத்தில் தண்ணீரில் படீரென்று ஒரு அடி. யாரோ பெரிய கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி. நான் நிலத்தோடு குப்புறப் படுத்துவிட்டேன். அது பீவர், குச்சிகளால் அணை கட்டும் நீர்விலங்கு. ஆபத்து என்று தோன்றினால் தட்டை வாலால் தண்ணீரில் அடித்துவிட்டு முங்கும். என்னைக் கண்டு அது பயந்திருக்கிறது.

காலையில் பார்த்தால் பீவரின் வீடு, குச்சிகளும் சேறுமாகக் குவித்த மேடு, என் கூடாரத்திலிருந்து ஐம்பது மீட்டரில். பகல் இரண்டு மணிக்கு வந்திருந்தால் கனூவிலிருந்தே கண்டிருப்பேன்.

20 மார்ச் 2023, அதிகாலை

நேற்று எழுதியதோடு விடலாம் என்று நினைத்தேன். நித்திரை வரவில்லை.

கரடிக்குத்தான் பயந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நெற்றி விளக்கு கையில் இருந்தது. கயிறு கட்டி முடித்தவுடன் அதை அணைத்துவிட்டு, கரையில் இருட்டில் அரை மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். குளிர். அடுப்பும் மூட்டவில்லை. ஏன் விளக்கைப் போடவில்லை என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

1992இல், போர்க்காலத்தில், பதினாலு வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடனீரேரியால் இரவில் படகில் கடந்தவள் நான். படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் கட்டி, முன்னால் ஒரு மோட்டார் படகு இழுத்துப் போகும். எங்கள் படகு கடைசி. தண்ணீரின் மேல் வெளிச்சம் தெரியக்கூடாது. ஒரு பீடிகூட இல்லை. எங்கள் படகில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஒரு ஐயா பால்மா டின் ஒன்றால் வழி முழுக்க அள்ளி ஊற்றிக்கொண்டு வந்தார். பேச்சில்லை. அந்த டின் தண்ணீரைக் கோருகிற சத்தம் மட்டும்.

இங்கே கனூவில் போகிறவர் வைத்திருக்கவேண்டிய சாமான்கள் என்று சட்டம் இருக்கிறது. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், பதினைந்து மீட்டர் மிதக்கும் கயிறு, ஊதுகுழல், தண்ணீர் அள்ள ஒரு கோப்பை. வாடகைக் கடையில் இவற்றை ஒரு சிறிய டப்பாவில் போட்டுத் தருவார்கள். மத்தியானம் அதை வாங்கித் திறந்து, அந்தப் பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தேன். ஒன்றும் நினைக்கவில்லை. இரவுதான் வந்தது.

தம்பி, உங்களுக்கு இது இருக்காது. வேறு ஏதாவது இருக்கும். தனியாக, பழக்கமில்லாத கரையில், இருட்டில் போய் இறங்கினால் கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காது, மனம் தன்னிடம் உள்ளதை எடுத்துப் போட்டுவிடும். வெளிச்சத்தில் இறங்கி அந்த இடத்தைச் சுற்றி நடந்து, மரங்களைப் பார்த்து, மலகூடப் பெட்டிக்குப் போகும் பாதையைப் பார்த்து, எந்தச் சத்தம் எங்கிருந்து வரக்கூடும் என்று பார்த்து வைத்துவிட்டால் இரவில் அது நீங்கள் கண்ட இடம்தான். இரண்டாம் நாள் இரவு எனக்கு அப்படித்தான் இருந்தது. அடுப்பு மூட்டி, தேத்தண்ணி போட்டு, லூன் கேட்டுக்கொண்டு பத்து மணிவரை இருந்தேன். அதற்குப் பிறகு நாலு தடவை தனியாகப் போயிருக்கிறேன்.

26 மார்ச் 2023

மே மாதம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். என்னுடையது செப்டெம்பர், தண்ணீரில் கோடைச் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது. உங்களுக்கு அப்படியில்லை. அங்கே வழக்கமாக ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில்தான் பனிக்கட்டி உடையும். விக்டோரியா டேயில் வெயில் இருபது பாகை காட்டலாம், தண்ணீர் அப்போதும் கொல்லும்.

மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் குளிர்நீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. விழுந்தவுடன் மூச்சு இரைக்கும், அதை அடக்க ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். குளிரால் மயக்கம் வர ஒரு மணித்தியாலம். லைஃப் ஜாக்கெட் இல்லாவிட்டால் அந்த ஒரு மணித்தியாலம் கிடையாது, பத்து நிமிடத்தில் நீச்சலே நின்றுவிடும். எனவே இருக்கைக்குக் கீழே வைக்காமல் உடம்பில் போட்டு, கொக்கியைப் பூட்டியபடி. ஏரியின் நடுவால் வெட்டாமல் கரையோரமாக. மேல் காற்சட்டையில் உலர்ந்த தீப்பெட்டி. போர்ட்டேஜுக்கு அப்பால் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் என்று நம்பவேண்டாம், செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். எந்த ஏரி, எந்த நாள் திரும்புவேன், எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாருக்கு அழைக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

கறுப்பு ஈ அப்போதுதான் தொடங்கும். காதுக்குப் பின்னால் கடிக்கும். தலைக்கு வலை வாங்குங்கள்.

2 ஏப்ரல் 2023

"மேல் காற்சட்டை" அல்ல, மேற்சட்டை. மன்னிக்கவும். தீப்பெட்டியைத் தண்ணீர் புகாத சிறு போத்தலில் போட்டு, மேற்சட்டைப் பையில் வைக்கவேண்டும்.

17 மே 2023

வெள்ளிக்கிழமை வெளிக்கிடுகிறீர்கள் அல்லவா? காலையில் காற்று அடங்கியிருக்கும், பகலேற எழும்பும். முடிந்தால் முதல் நாள் இரவே ஹன்ட்ஸ்வில் பக்கம் போய்த் தங்குங்கள்.

23 மே 2023: கேள்வி கேட்டவர்

அக்கா, நேற்று இரவு வந்து சேர்ந்தேன். ஹன்ட்ஸ்வில்லில் தங்கி, 8.20க்குத் தண்ணீரில். நினைவுச்சின்னம் ஏறிப் பார்த்தேன். ஜோ ஏரியில் 12.10க்குக் கூடாரம் போட்டுவிட்டேன். மிச்சப் பகல் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் அந்தரமாக இருந்தது. பிறகு கரையோரமாக வெறும் கனூவில் சுற்றி வந்தேன். பீவர் வீடு இரண்டு கண்டேன்.

23 மே 2023, இரவு

இரண்டா! ஏரியின் எந்தக் கரையில் தம்பி? கிழக்குக் கை தொடங்கும் இடத்தில், சாய்ந்த பைன் மரத்துக்குக் கிட்ட என்றால் ஒன்று என்னுடையது. படம் எடுத்திருந்தால் போடுங்கள்.